மூன்று கடுகளவு உப்பு

ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு அடுக்குமாடி வீடு. காலை ஏழரை மணி வெயில் சமையலறை ஜன்னல் வழியாகச் சாய்வாக நுழைந்து ஃப்ரிட்ஜ் கதவில் விழுகிறது. ராத்திரி டியூப்லைட்டில் பளிச்சென்று இருந்த கதவுதான். இப்போது பார்த்தால் மேலிருந்து கீழாக வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். கைப்பிடிக்குப் பக்கத்தில் துணி வளைந்து திரும்பிய இடம்கூட அப்படியே தெரிகிறது.

"பாருங்கோ, மூணு தரம் தொடச்சாச்சு. தொடைக்கத் தொடைக்கக் கோடு கூடறதே தவிர கொறையல" என்றார் அந்த வீட்டு மாமி. ஈரத்துணி இன்னும் கையில் இருந்தது.

மாமி சொன்னதில் ஒரு அறிவியல் உண்மை இருக்கிறது. கோடு கதவில் முதலிலேயே இருந்ததல்ல. துடைத்த தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. மூன்று தரம் துடைத்தால் மூன்று தரம் வைக்கும். இதை நம்புவதற்கு என் சொல் வேண்டாம், ஒரு எவர்சில்வர் தட்டு போதும்.

தட்டை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் மூன்று சொட்டு வைக்க வேண்டும். ஒன்று போர் தண்ணீர், இன்னொன்று மாநகராட்சிக் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர், மூன்றாவது மொட்டை மாடியில் திறந்த வெளியில் பிடித்த மழைத் தண்ணீர். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காய விடுங்கள். காய்ந்த பிறகு தட்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். மழைத் துளி இருந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீர் மெல்லிய ஒரு வளையம் விட்டிருக்கும். போர் தண்ணீர் விட்ட வளையமோ சுண்ணாம்பால் வரைந்ததுபோல் இருக்கும். துளியின் நடுவில் அவ்வளவாக ஒன்றும் இல்லை, எல்லாம் ஓரத்தில் போய்க் குவிந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

இந்த ஓர வளையத்தை நாம் தினமும் பார்க்கிறோம். ஃபில்டர் காபி குடித்துவிட்டு டபராவை எடுத்தால் மேஜைமேல் இருக்குமே, அந்த வட்டம். மேஜையில் சிந்திய ஒற்றைச் சொட்டுகூட நடுவில் வெளுத்து, விளிம்பில் கறுத்துத்தான் காயும். ஏன் அப்படி என்பதற்கு 1997இல்தான் தெளிவான விடை வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகன், சிட்னி நேகல் முதலானோர் காபித் துளி காய்வதை ஆராய்ந்து நேச்சர் இதழில் எழுதினார்கள். துளியின் விளிம்பு, பரப்பில் உள்ள நுண்ணிய மேடு பள்ளங்களில் சிக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. அந்த மெல்லிய விளிம்பில்தான் நீர் வேகமாக ஆவியாகிறது. இழந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடும்போது தன்னிடம் இருப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு போய் அங்கே சேர்த்துவிடுகிறது. காபியில் அது காபித்தூளின் துகள், போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு.

ஈரத்துணியால் கதவைத் துடைக்கும்போது நடப்பதும் இதுதான். துணி ஒரு மெல்லிய நீர்ப்படலத்தை விட்டுப் போகிறது. அந்தப் படலம் அப்படியே சீராகக் காய்வதில்லை. துணி போன திசையில் நூல் நூலாகப் பிரிந்து, பொட்டுப் பொட்டாக உடைகிறது. ஒவ்வொரு பொட்டும் தனக்கென ஒரு விளிம்பை வைத்துக்கொண்டு காய்கிறது. அந்த விளிம்புகளின் வரிசைதான் மாமி காட்டிய கோடு.

எவ்வளவு உப்பு இருக்கும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃப்ரிட்ஜ் கதவு சுமார் ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். துணி விட்டுச்சென்ற ஈரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமன் என்று கொண்டால், கதவு முழுக்க இருக்கும் தண்ணீர் 10 மில்லிலிட்டர். அது லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்புகள் கரைந்த போர் தண்ணீர் என்றால், காய்ந்த பிறகு கதவில் தங்குவது 10 மில்லிகிராம். கடுகில் எடைபோட்டால் ஏறத்தாழ மூன்று கடுகு. மூன்று கடுகளவு உப்பை ஒரு கதவு முழுக்கப் பரப்பினால் போதும், வெயில் பட்டதும் அத்தனையும் கண்ணில் குத்தும்.

லிட்டருக்கு 1000 மில்லிகிராம் என்பது மிகைப்படுத்திய எண் அல்ல. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கரைந்த திடப்பொருள் 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. கால்சியமும் மக்னீசியமும் தரும் கடினத்தன்மைக்கும் அப்படியே 200, 600 என்று இரண்டு எல்லைகள் உண்டு. குடிக்கத் தகுதியான தண்ணீரே கதவுக்குத் தகுதியில்லாமல் போகலாம் என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன.

திருச்சியில் இந்த விஷயம் வீட்டுக்கு வீடு மாறுகிறது. ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வண்டல் படிந்த தீவு. ஆற்றைத் தாண்டித் தெற்கே வந்தால் மலைக்கோட்டையே தலை நீட்டிச் சொல்லிவிடுகிறது, அடியில் இருப்பது பாறை என்று. ஆற்று மணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்து எடுத்து மாநகராட்சி தரும் தண்ணீர் மணலில் வடிந்து வருவது. ஆழ்துளைக் கிணற்று நீரோ பாறையின் வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கி, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சிலிக்காவையும் கரைத்துக்கொண்டு மேலே வருவது. பெரும்பாலான அடுக்குமாடிகளில் இரண்டும் வருகின்றன. சில இடங்களில் ஒரே தொட்டியில் கலந்தும்விடுகின்றன. "உப்பு பூத்துப்போச்சு" என்று பக்கெட்டையும் குழாயையும் பார்த்து நாம் சொல்வது எவ்வளவு பொருத்தமான சொல்! அது உண்மையிலேயே பூப்பதுதான். தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருந்தது, நீர் போனதும் கரியமில வாயுவை வெளியே விட்டு, கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாக உறைகிறது.

இந்த உப்போடு போராடுவதையே தொழிலின் ஒரு பகுதியாகக் கொண்ட ஊர் திருச்சி. 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய திருவெறும்பூர் பெல் ஆலை, அனல் மின் நிலையங்களுக்கான உயர் அழுத்தக் கொதிகலன்களைச் செய்கிறது. கொதிகலன் குழாய்க்குள் போகும் தண்ணீரில் கடினத்தன்மை அறவே கூடாது. குழாயின் உட்சுவரில் சுண்ணாம்பு படிந்தால், எஃகைப்போல அது வெப்பத்தைக் கடத்தாது. வெளியே தீ, உள்ளே தண்ணீர், நடுவில் ஒரு போர்வை. வெப்பம் தண்ணீருக்குப் போக முடியாமல் குழாயே பழுத்து, ஒருநாள் வெடித்துவிடும். உங்கள் எலெக்ட்ரிக் கெட்டிலின் அடியில் வெள்ளையாகத் தட்டுத் தட்டாக ஒட்டியிருப்பதும் அதே பொருள்தான். கெட்டில் கொதிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது என்றால் முதலில் அதன் அடியைப் பாருங்கள்.

மூன்று கடுகளவு உப்பு எப்படி அவ்வளவு தூரம் தெரிகிறது என்பதற்கு, பளபளப்பு என்றால் என்ன என்று கேட்டாக வேண்டும். திருச்சியில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் குடும்பங்களுக்கு இதன் விடை கையிலேயே இருக்கிறது. சுற்றும் சக்கரத்தில் கல்லை அழுத்தி, முதலில் கரடான பொடி, அப்புறம் அதைவிட நுண்ணிய பொடி என்று போய்க்கொண்டே இருப்பார்கள். ஒரு கட்டத்தில் கல் திடீரென்று கண் திறந்ததுபோல் மின்னும். அந்தக் கட்டத்தில் கல்லின்மேல் உள்ள கீறல்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவையாகிவிட்டன என்று பொருள். நம் கண் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர்; ஒரு தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. மேடு பள்ளம் அதைவிட மிகச் சிறியதானால் ஒளி ஒரே திசையில் திரும்பிப் போகும், பரப்பு கண்ணாடியாகும். அதன்மேல் ஆயிரம் நானோமீட்டர் அளவில் ஓர் உப்புப் படிகம் உட்கார்ந்தால், ஒளிக்கு அது வழியில் கிடக்கும் பாறாங்கல். நாலா பக்கமும் சிதறும். பின்னணி எவ்வளவு பளபளப்போ அவ்வளவுக்கு அந்தச் சிதறல் வெள்ளையாகத் தெரியும். மங்கலான மண்சட்டியில் இதே உப்பை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பழக்கம் பித்தளையில் பிறந்தது. புளி, சாம்பல், செங்கல் பொடி. மூன்றும் யோசித்துச் சேர்த்த பொருள்கள். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் பித்தளைமேல் படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது. சாம்பலில் உள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக மாற்றுகிறது. செங்கல் பொடி மேல் அடுக்கைச் சுரண்டி எடுக்கிறது. பித்தளை உள்ளும் புறமும் ஒரே பித்தளை என்பதால், ஒரு அடுக்கு போனால் கீழே இன்னொரு புது அடுக்கு. நூறு ஆண்டு தேய்த்தும் மின்னும் குத்துவிளக்குகள் இப்படித்தான் நிற்கின்றன. அந்த அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதை அப்படியே எவர்சில்வருக்குக் கொண்டுவந்ததில்தான் பல அடுப்புகளும் மிக்ஸிகளும் பாழாயின.

எவர்சில்வரின் மினுக்கம் வேறு ஏற்பாடு. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி, இரும்போடு சுமார் 13 சதவீதம் குரோமியம் சேர்த்து உருக்கிய எஃகு துருப்பிடிக்காததைக் கண்டார். காரணம், குரோமியம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மேலே ஒரு படலம் போர்த்திக்கொள்கிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். கண்ணுக்கே தெரியாது, கீறினால் தானாக மூடிக்கொள்ளும். இந்தப் படலத்துக்கு ஒரே பெரிய எதிரி குளோரைடு. ஆறிய தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அப்படியே விட்டால் பாத்திரத்தின் அடியில் ஊசி குத்தியதுபோல் புள்ளி விழுவது அதனால்தான். ஸிங்க்கில் பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தேங்கவிடுவதும், கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டைச் சமையலறைக்குக் கொண்டுவருவதும் அதே சேதத்தைச் செய்யும்.

இரும்புக் கம்பி நாரும் வேண்டாம். அது கீறுவதோடு நிற்பதில்லை, தன் துணுக்குகளையும் பதித்துவிட்டுப் போகிறது. மறுநாள் துருப்பிடிப்பவை அந்தத் துணுக்குகள். பழி எவர்சில்வர்மேல் விழுகிறது. ஈரமான இரும்பு தோசைக்கல்லை ஸிங்க்கில் சாய்த்து வைத்தாலும் இதே பழுப்புத் தடம் வரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல ஃப்ரிட்ஜ்களின் 'ஸ்டீல்' கதவு உண்மையில் வெள்ளி நிறப் பெயிண்ட் பூசிய சாதாரணத் தகடு. அதில் சாம்பலையோ பச்சை நாரையோ வைத்துத் தேய்த்தால் போவது கறை அல்ல, பெயிண்ட்.

இதுவரை தண்ணீரைப் பற்றி. சமையலறையில் காற்றும் சும்மா இருப்பதில்லை. கடுகு வெடிக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் எழும்பி, சிம்னியிலும் மிக்ஸியிலும் ஃப்ரிட்ஜின் தலையிலும் போய் இறங்குகின்றன. அன்றே துடைத்தால் வெறும் எண்ணெய். ஒரு மாதம் விட்டால் விரல் ஒட்டும் பிசுக்கு. வருடக் கணக்கில் விட்டால் வார்னிஷ். இந்த மாற்றத்தில் எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபாடு உண்டு. நல்லெண்ணெயில் ஐந்தில் இரண்டு பங்கு லினோலியிக் அமிலம். இதன் மூலக்கூறில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஆக்ஸிஜன் பிடித்து ஒன்றோடொன்று முடிச்சுப் போடுகிறது. தேங்காயெண்ணெயில் அப்படிப்பட்ட பிணைப்புகள் மிகக் குறைவு என்பதால் அது சீக்கிரம் கோந்தாவதில்லை. முற்றிய பிசுக்கைச் சோப்புத் தண்ணீர் மட்டும் அசைக்காது. அதன்மேல் கொஞ்சம் புது எண்ணெயைத் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, பிறகு வெந்நீரும் சோப்பும் போட்டால் பழையது புதியதோடு சேர்ந்து கழன்று வரும். அலுமினிய வலை போட்ட சிம்னி ஃபில்டரைச் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைக்காதீர்கள். காரம் அலுமினியத்தைத் தின்று கறுப்பாக்கும்.

தங்கத்துக்கும் இந்தப் பிசுக்குப் படலத்திலிருந்து விடுதலை இல்லை. தங்கம் துருப்பிடிக்காது, ஆனாலும் ஸ்ரீரங்கம் கோயிலில் ஆண்டுதோறும் ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்தின்போது நம்பெருமாளின் தங்கக் கவசங்களைக் களைந்து தூய்மை செய்கிறார்கள். விளக்குப் புகை, கற்பூரக் கரி, எண்ணெய் என எதுவும் உலோகத்தைப் பார்த்து இறங்குவதில்லை.

சரி, மாமியின் கதவை எப்படித் துடைப்பது? ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. இந்தச் சொட்டுக் கணக்கில் பலர் தவறுகிறார்கள். சோப்பு ஆவியாகாது. அதிகமாகப் போட்ட சோப்பு உப்போடு சேர்ந்து இன்னொரு படலமாகத் தங்கி, விரலால் தொட்டால் வழுக்கும். அந்தத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் எண்ணெயையும் கைரேகையையும் எடுக்க வேண்டும். அடுத்து உப்பில்லாத தண்ணீரில் நனைத்துப் பிழிந்த இரண்டாவது துணி. உடனே மூன்றாவதாக, காய்ந்த துணி. தகட்டில் மெல்லிய வரிகள் ஓடினால் அந்த வரியின் போக்கிலேயே துடைக்க வேண்டும். குறுக்கே துடைத்தால் அழுக்கு வரிப்பள்ளத்துக்குள் போய் உட்காரும்.

காய்ந்த துணி வருவதற்குள் ஈரம் தானாகக் காய்ந்துவிட்டால் எல்லாம் வீண். திருச்சியில் கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நாட்களில், மின்விசிறியும் ஓடினால், அந்த மெல்லிய ஈரத்துக்கு ஆயுள் ஒரு நிமிடம் இருந்தால் அதிகம். ஆகவே விசிறியை நிறுத்திவிட்டு, கதவைக் கால் கால் பாகமாகப் பிரித்து, ஒரு பாகத்தை முழுதாக முடித்த பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். அடுப்பும் கெட்டிலும் ஆறியிருக்க வேண்டும். மாமி செய்த முக்கியமான பிழை, கதவு முழுவதையும் ஒரே மூச்சில் நனைத்ததுதான்.

துணிக்கு நான் சிபாரிசு செய்வது பலமுறை துவைத்து மெத்தென்றான பழைய பருத்தி வேட்டி. இந்த மண்ணுக்கும் பருத்திக்கும் உறவு பழையது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, அர்காரு என்ற ஊரின் மெல்லிய பருத்தித் துணியைச் சொல்கிறது. அது உறையூர்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. வேட்டியில் கஞ்சி மட்டும் இருக்கக் கூடாது. ஈரத்தில் கஞ்சி கரைந்து கதவில் ஏறும். துவைக்கும்போது வாசனைத் திரவம் போட்டிருந்தாலும் அதன் பசை துணியில் இருந்து உலோகத்துக்கு மாறும். மைக்ரோஃபைபர் துணியும் நல்லதே. அதன் இழை தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது என்பதால் வரிப்பள்ளத்துக்குள் இறங்கி எண்ணெயை எடுக்கிறது.

ஏற்கெனவே பூத்துவிட்ட உப்புக்கு எலுமிச்சை அல்லது வினிகர். கெட்டிலில் அரை டம்ளர் வினிகரும் தண்ணீரும் ஊற்றிச் சூடாக்கினால் வெள்ளைப் படிவிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பும். அது சுண்ணாம்பு கரையும்போது வெளியேறும் கரியமில வாயு. கால் மணி நேரத்தில் அடி தெளியும். குக்கரில் தண்ணீர் ஊற்றும்போது ஒரு துண்டு புளியோ பிழிந்த எலுமிச்சை மூடியோ போடும் பழக்கமும் இதே அமில வேலைதான். ஆனால் வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்து தேய்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். நுரை பிரமாதமாகப் பொங்கும். பொங்கி முடிந்ததும் அமிலமும் இல்லை, காரமும் இல்லை. மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற இன்னொரு உப்பு கரைந்த தண்ணீர். உப்பைப் போக்க உப்புத் தண்ணீர்! இதைவிட முக்கியமானது, பிளீச்சையும் எந்த அமிலத்தையும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து.

வெறும் வாணலியை அடுப்பில் மறந்துவிட்டால் எவர்சில்வரில் வைக்கோல் நிறம், ஊதா, நீலம் என்று வானவில் தோன்றும். அது அழுக்கல்ல. வெப்பத்தில் ஆக்சைடு படலம் தடித்து ஒளியோடு விளையாடுகிறது. ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்திலேயே, நீர்த்தலமான திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி.வி. ராமன், சூடேற்றிய எஃகின் இந்த நிறங்களைப் பற்றி 1922இல் நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார். வாணலியின் அடியில் வானவில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குறிப்பு நினைவுக்கு வரும். பிடிக்கவில்லை என்றால் எலுமிச்சைச் சாறு தடவினால் போய்விடும்.

உப்பில்லாத தண்ணீருக்கு எங்கே போவது என்று மாமி கேட்டார். ஐப்பசி மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஏசி பெட்டியிலிருந்து பால்கனியில் சொட்டும் தண்ணீர், காற்றின் ஈரம் குளிர்ந்து உருவானது. அதில் பாறையிலிருந்து கரைந்து வந்த உப்பு இல்லை. துணியில் வடிகட்டி ஒரு பாட்டிலில் பிடித்து வைத்தால் துடைக்க ஆகும். குடிக்கக் கூடாது. ஆர்.ஓ. சுத்திகரிப்பான் தரும் நல்ல தண்ணீரும் ஆகும், ஆனால் அது கழித்துத் தள்ளும் தண்ணீர் ஆகாது. உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கிறது.

அன்று ஏசி தண்ணீரிலேயே கதவை நான்கு பாகமாகத் துடைத்தோம். வெயில் கதவைவிட்டு நகர்வதற்குள் முடிந்தது. மாமி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், கோடு இல்லை. பிறகு ஸிங்க் குழாயடியில் பல வருடமாக இறுகிப்போன வெள்ளை வளையத்தைக் காட்டினார். எலுமிச்சை மூடியை வைத்து அரை மணி நேரம் காத்திருந்தோம். பாதிதான் கரைந்தது. மிச்சம் பாறையிலிருந்து வந்த சிலிக்கா. எலுமிச்சைக்கு அது மசியாது. கத்தியால் சுரண்டினால் குழாயின் குரோமியப் பூச்சு உரிந்துவரும். அதை அப்படியே விட்டுவிடச் சொன்னேன்.